சிதம்பரம் பத்தர் டீசல் இன்ஜினுக்கு மெருகேற்றிய மாகதை

உமியோட்டுத் தணலுக்கு முன்னே நாற்பது ஆண்டுகள் சம்மணமிட்டு, ஊதுகுழல் ஒன்றினாலேயே அக்கினி பகவானைச் சொன்ன இடத்தில் சொன்ன அளவுக்கு நிற்கவைத்தவரும், உரைகல்லில் ஒரு கோடு இழுத்த மாத்திரத்தில் பொன்னின் குலம் கோத்திரம் கலப்படம் மூன்றையும் கூறவல்லவரும், செக்காலைத் தெருவில் பிறந்து, செக்காலைத் தெருவில் வளர்ந்து, செக்காலைத் தெருவிலேயே பிரஷர் மாத்திரை வாங்குகிறவருமாகிய சிதம்பரம் பத்தர் வாழ்க. அவர் மூக்குக்கண்ணாடி வாழ்க. அந்த மூக்குக்கண்ணாடியின்மேல் அவர் கவிழ்த்துக்கொள்ளும் பூதக்கண்ணாடி வாழ்க. அவருடைய பதினோரு வயதான வெள்ளை டீசல் காரும், ஓடுகிற வரைக்கும், வாழ்க.

பிள்ளையார்பட்டிக் குன்றின் வயிற்றுக்குள் அமர்ந்து, இவ்வட்டாரத்துப் புதுச் சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கும் ஓசையை ஓயாமல் கேட்டிருக்கும் கற்பகப் பெருமானே, இக்கதை தடையின்றி நடக்க அருள்க. பத்தர் செய்த பிழைகளை மட்டும் ஒன்றுவிடாமல் எனக்கு நினைவூட்டுக. அவை இல்லாவிட்டால் சொல்வதற்கு எனக்கு ஒன்றுமே இல்லை.

போர் மூண்ட காரணம் இது. பத்தருக்கும் அவர் மனைவி அழகம்மாளுக்கும் ஒரே மகள் கிருஷ்ணப்ரியா. ஆடுமாடுகளின் நோய் தீர்க்கும் அருங்கலையை ஐந்தரை ஆண்டு பயின்று, திருவாடானைக்கு அங்குட்டு ஒரு சிற்றூரின் கால்நடை மருந்தகத்துக்கு உதவி மருத்துவராக ஆணை பெற்றிருந்தாள். வரும் திங்கட்கிழமை காலை பணியில் சேரவேண்டும். தேவகோட்டை வரைக்கும் பேருந்துக்குப் பஞ்சமில்லை; அதற்கப்பால் அது நினைத்தால் வரும். ஆகவே அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு நாள்தோறும் அவளே தனியாகப் போய்வருவது என்று குடும்ப சபையில் முடிவாயிற்று. அந்த முடிவை முதலில் கைதட்டி ஏற்றவர் பத்தர். அன்று முதல் தூக்கம் கெட்டவரும் பத்தரே. கருவேலங்காடும் கண்மாய்க்கரையும் வெயிலுமாக நீளும் அந்தச் சாலையில் வண்டி நின்றுபோனால் பிள்ளை என்ன செய்யும் என்ற ஒரே நினைப்பு அவரை அரித்தது. பயம்தான், வேறொன்றுமில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மகள் கையில் ஒப்படைக்குமுன் பொன்னைப்போல் வண்டியையும் உரசி மாற்றுப் பார்த்துவிடுவது என்று கருதி, அந்தத் திங்கட்கிழமைக்கு எட்டு நாள் இருக்கையில், ஒரு ஞாயிறு காலை, குலதெய்வத்தைத் தொழுது, வேட்டியை மடித்துக் கட்டி, வெளுத்த துண்டொன்றைத் தோளில் இட்டுப் பத்தர் காரின் முகப்பு மூடியைத் தூக்கினார். பதினோரு ஆண்டுகளில் அவர் அதைத் தூக்குவது நான்காம் முறை. வண்டியின் வெளிமேனியை வாரம் தவறாமல் துடைத்துத் துடைத்து முகம் பார்க்கும்படி வைத்திருந்த அந்த உத்தமர், உள்ளே ஆயில் மாற்றுவதை மட்டும் ‘நம்ம வண்டி எங்க ஓடுது’ என்று ஒன்றரை ஆண்டு, இரண்டாண்டு எனத் தள்ளிப்போட்டே வந்திருந்தார். இப்போது ஆயில் அளக்கும் நீண்ட கம்பியை உறையிலிருந்து வாளை உருவுவதுபோல் உருவி, பொன்னை உரைகல்லில் உரைக்கும் அதே கைப்பழக்கத்தில், வெள்ளைத் துண்டின்மேல் ஒரு கோடு இழுத்தார்.

கோடு கறுப்பாக இருந்தது.

கறுப்பு என்று சொல்லிவிட்டால் போதுமா. மழைமேகத்தின் கறுப்பில் ஈரம் உண்டு. எருமையின் கறுப்பில் சாந்தம் உண்டு. இரும்புச் சட்டியின் கறுப்பில் தாளித்த வாசமாவது உண்டு. இந்தக் கறுப்பில் ஒரு நன்மையும் இல்லை. இன்ஜினின் பாதாள அறையில் குடிபுகுந்து, பிஸ்டன்களைச் சிறைவைத்து, வால்வுகளை அடிமைகொண்டு, பதினோரு ஆண்டு அரசாண்ட கரியாசுரன் என்னும் கொடும்பகைவன் அந்தக் கோட்டின் வழியே தலைநீட்டித் தம்மைப் பார்த்துப் பல்லிளிப்பதாகப் பத்தருக்குப் பட்டது. அவர் குலத்துக்கு ஒரே ஒரு சட்டம்: துலங்காத பொருள் பட்டறையைவிட்டு வெளியே போகக்கூடாது. கொலுசானாலும் சரி, ஒட்டியாணமானாலும் சரி, காரானாலும் சரி.

அப்போது, மேலே சூரியனும் கீழே துளசிச்செடியும் பக்கத்தில் கரண்ட் மீட்டரும் சாட்சியாக நிற்க, கறைபடிந்த கம்பியை வலக்கையில் உயர்த்திப் பத்தர் முழங்கினார்: “இன்னும் எட்டு நாளுக்குள் இந்தக் கரியை வேரோடு அழித்து, இவ்வூர்தியின் குடலை இருபத்திரண்டு காரட்டாக்கி என் மகள் கையில் கொடுப்பேன். கொடுக்கேனாயின், இந்தக் கை இனி ஊதுகுழலைத் தொடாது.”

எட்டுத் திக்கும் அதிர்ந்தனவோ என்னவோ, அடுப்படியிலிருந்து அழகம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“அது நேத்து வெளுத்த துண்டு” என்றாள். “கையக் கழுவிட்டு வாங்க. இட்லி ஆறுது.”

படை திரட்டப் புறப்பட்ட வீரருக்கு முதலில் வாய்த்த தளபதி, அழகம்மாளின் தம்பி ஜெயகாந்தன். நூறடி ரோட்டில் வண்டிச் சாமான் கடை வைத்திருப்பவர். வேலும் வில்லும் அறியாதவர், நாக்கு ஒன்றே ஆயுதமாக இருபது ஆண்டு கடை நடத்தியவர். அத்தானின் துண்டில் இருந்த கோட்டைக் கண்டதும் அவர் முகம் இழவு கேட்ட முகமாயிற்று. அலமாரியின் மேல்தட்டில் நின்ற சிறு டின் ஒன்றை இரு கைகளாலும் ஏந்தி வந்து, துடைத்து, அத்தான் முன் வைத்தார்.

“இதுக்குப் பேரு இன்ஜின் ஃப்ளஷ் அத்தான். பழைய ஆயில் இருக்கும்போதே இத ஊத்தணும். நிப்பாட்டி வச்சே பத்து நிமிசம் இன்ஜினை ஓடவிடணும். அம்புட்டு அழுக்கும் கரைஞ்சிரும். அப்புறம் ஆயிலோட சேத்து இறக்கிட்டுப் புது ஆயில் ஊத்துனா முடிஞ்சது. வண்டிக்குப் பேதி மருந்து குடுக்குற மாதிரின்னு வச்சுக்கங்க.”

இதைவிடத் தெளிவாக எந்த வேதமும் எந்த உண்மையையும் சொன்னதில்லை என்று பத்தர் கருதினார். டின்னை மடியில் கட்டிக்கொண்டு, தேவகோட்டை ரஸ்தாவில் தகரக் கொட்டகை போட்டு வண்டி பார்க்கும் மெக்கானிக் தேவாவிடம் செவ்வாய்க்கிழமை காலை போய் இறங்கினார். தேவா முப்பத்தைந்து வயது மனிதர். டீசலின் நாடியறிந்தவர். சொற்களை மட்டும் ஸ்பேனரைவிடப் பத்திரமாக எண்ணி எடுத்து எண்ணி வைப்பவர். டின்னைப் பார்த்தார், கம்பியை உருவிப் பார்த்தார், பத்தரைப் பார்த்தார்.

“டீசல் வண்டி ஆயிலு கறுக்கத்தான் செய்யும் பத்தரய்யா. அது அப்படித்தான்.”

இந்த ‘அப்படித்தான்’ என்ற சொல்லை உலகம் பொறுக்கலாம், ஒரு பத்தர் பொறுக்கமாட்டார். பற்றவைப்பு விட்டுப்போன சங்கிலியைத் திரும்பக் கொண்டுவருகிறவர்களிடம் கைவேலை சரியில்லாத ஆசாரிகள் சொல்கிற சொல் அது. சிதம்பரம் பத்தர் தம் நாற்பது ஆண்டில் அதை ஒருமுறையும் சொன்னதில்லை. ஆகவே அவர் டின்னைத் தேவாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களையும் தாமே மடக்கிவிட்டார். தேவாவும் பெரியவர் மனசு நோகக்கூடாது என்று பேசாமல் இருந்துவிட்டார். இந்தக் கதையில் தேவா செய்த ஒரே தப்பு அதுதான்.

அதன்பின் நிகழ்ந்த முதற்போரை என்னவென்று பாடுவது. இன்ஜின் உறுமிற்று, குப்பியமுதம் பாதாளம் புகுந்தது, பத்து நிமிடமும் பத்தர் கைக்கடிகாரத்தைக் கண்ணிமையாது காத்து நின்றார். அடித்திருகு கழன்றதும் கரியாசுரனின் கறுங்குருதி தகரத் தொட்டியில் தடதடவென்று கொட்டிற்று. பழைய பில்டர் வீழ்ந்தது, புதிய பில்டர் முடிசூடியது, புது ஆயில் பொன்னிறமாக இறங்கியது. கம்பியை உருவித் துண்டில் கோடு இழுத்தார். கோடு தேன் நிறத்தில் இருந்தது. அந்தத் துண்டை வெற்றிக்கொடியாகத் தோளில் போட்டுக்கொண்டு செக்காலைத் தெரு முழுவதும் நடந்தார். எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் கோட்டைக் காட்டினார். அவர்களும் என்னவென்று தெரியாமலேயே நல்லாருக்கு என்றார்கள்.

புதன்கிழமை அழகம்மாளைக் கொப்புடையம்மன் கோயிலுக்கு அழைத்துப்போய் வந்தார். வியாழக்கிழமை அமராவதிபுதூருக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வைக்கப் போய் வந்தார். மொத்தமே ஐம்பது கிலோமீட்டர் ஓடியிருக்காது. அன்று மாலை, வெற்றியை ஒருமுறை கண்ணாரக் கண்டு மகிழலாமே என்று மூடியைத் தூக்கிக் கம்பியை உருவித் துண்டில் இழுத்தார்.

கோடு மறுபடியும் கறுப்பாக இருந்தது.

வெட்ட வெட்டத் தலைமுளைக்கும் அரக்கர்களைப் பற்றிப் பத்தர் கேள்விப்பட்டிருக்கிறார். அவர்களுக்குக்கூட இவ்வளவு சுறுசுறுப்பு இருந்ததாக யாரும் சொல்லவில்லை. இரண்டே நாள். அவர் நேரே தேவாவின் கொட்டகைக்குப் போய், இன்னொரு டின் வாங்கித் தருகிறேன், இன்னொரு தடவை ஊற்று என்றார். தேவா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். அது அவர் வழக்கமில்லை.

“நான் ஊத்தமாட்டேன் பத்தரய்யா. நீங்க ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ஆயில் மாத்துற ஆளு. உள்ள அழுக்கு அடை அடையா ஒட்டிப்போயி இருக்கும். ஏற்கனவே ஒருக்கா இளக்கி விட்டாச்சு. இன்னொருக்காப் பேத்துவிட்டா, அது எங்குட்டுப் போயி அடைக்கும்னு யாரும் சொல்ல முடியாது. வழக்கமா மாத்துற தூரத்துல பாதியிலயே ஒருக்கா ஆயில் மாத்துங்க, அப்புறம் காலாகாலத்துல மாத்திக்கிட்டே வாங்க. போதும். இந்தப் பேதி மருந்தெல்லாம் வேணாம்.”

தேவா ஓராண்டுக்கு வைத்திருந்த சொற்களில் பாதியை இதில் செலவழித்துவிட்டார். அத்தனையும் வீண். பத்தரின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: அடை அடையாக ஒட்டியிருக்கும். அப்படியானால் பகைவன் செத்துவிடவில்லை, கோட்டைக்குள் பதுங்கியிருக்கிறான். திங்கட்கிழமைக்கோ மூன்றே நாள்.

வெள்ளிக்கிழமை முழுவதும் பட்டறையில் தணல் மூட்டாமல், ஜெயகாந்தனிடம் வாங்கிய இரண்டாம் டின்னை உமியோட்டின்மேல் நிறுத்திவைத்துப் பத்தர் போர்த்தந்திரம் வகுத்தார். டின்னின் முதுகில் எறும்பு ஊர்வதுபோல் பொடியெழுத்தில் அச்சாகியிருந்த விதிமுறையைப் பூதக்கண்ணாடி கொண்டு படித்தார். பத்து நிமிடம், நின்ற இடத்திலேயே ஓடவிடுக, சாலையில் ஓட்டற்க என்று அது தெளிவாகத்தான் சொன்னது. ஆனால் எழுதியவன் பத்தரா என்ன. பூந்திக்கொட்டை நீரில் மோதிரத்துக்குப் பத்து நிமிடம் போதும், சங்கிலிக்கு அரைமணி வேண்டும், ஒட்டியாணத்துக்கு அதற்கும் மேல். இன்ஜினோ ஒட்டியாணத்தைவிடப் பெரிது. சும்மா ஊறவிட்டால் எந்த நகை துலங்கியது? தட்டை ஆட்டி அலசவேண்டாமா? இன்ஜினை எப்படி ஆட்டி அலசுவது என்று பகல் பன்னிரண்டு மணி வரை யோசித்த பத்தருக்குத் திடீரென்று கானாடுகாத்தான் போகிற சாலையும், அதிலிருக்கும் வேகத்தடைகளும் கண்முன் தோன்றின.

நாற்பது ஆண்டுத் தொழிலறிவு முழுவதையும் ஒன்றுதிரட்டி ஒரு மனிதர் இப்படிப் பிழைசெய்வது எளிதல்ல. அதற்கு ஒரு தேர்ச்சி வேண்டும்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பத்தர் தனியே போருக்கெழுந்தார். வீட்டாரிடம் டயருக்குக் காற்றடிக்கப் போவதாகச் சொன்னார். டின்னைக் கவிழ்த்து முழுவதையும் இன்ஜினுக்குள் ஊற்றி, தேரேறி, கோட்டையூரைக் கடந்தார். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியைத் தூக்கிப்போட்டு, உள்ளே கரியாசுரன் தட்டுத்தடுமாறி உருள்வதை மனக்கண்ணால் கண்டு, “அலசு, நல்லா அலசு” என்று தேருக்கு ஆணையிட்டார். பள்ளத்தூரில் ஒரே வேகத்தடையை வளைந்து வந்து இருமுறை ஏறினார். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து பார்த்தார்கள். டின் சொன்ன பத்து நிமிடம் எப்போதோ கழிந்து, நாற்பதாம் நிமிடத்தில், கானாடுகாத்தானின் அகன்ற தெருவில், பூட்டிய பெருமாளிகைகளின் நெடுமதிலோரம், பத்தரின் தேர் மிதப்பாக ஊர்ந்துகொண்டிருந்தது.

அப்போது அவர் முன்னிருந்த கருவிப்பலகையில் ஒரு செவ்விளக்கு எரிந்தது. மூக்கு நீண்டு, நுனியில் ஒரு சொட்டுத் தொங்கும் உருவம். பார்ப்பதற்கு, கை கழுவ நீர் வார்க்கிற கிண்டியைப்போல் இருந்தது. பதினோரு ஆண்டுகளில் அது ஒருநாளும் இப்படி எரிந்ததில்லை. அழுக்குப் போய்விட்டதைக் கிண்டி காட்டித் தெரிவிக்கிறது போலும் என்று பத்தர் முதலில் மகிழ்ந்தார். இன்ஜினிலிருந்து டக்டக்கென்று புதிதாக ஒரு சத்தம் எழவும், அந்த மகிழ்ச்சி பாதியில் நின்றது. ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைக்காமலே மகளுக்குப் போன் செய்தார்.

“சிவப்பா ஒரு கிண்டி எரியுதும்மா” என்றார்.

“மொதல்ல இன்ஜினை ஆஃப் பண்ணுங்கப்பா” என்றாள் கிருஷ்ணப்ரியா. “பேசாதீக. அது ஆயில் வெளக்கு. ஆஃப் பண்ணுங்க.”

அணைத்தார். தெருவே அமைதியாயிற்று. அங்கே ஓட்டலாக மாறிய ஒரு மாளிகையில் தங்கியிருந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் வெளியே வந்து, பூட்டிய மாளிகைக்கு முன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு முதியவரைக் கண்டு, ஏதோ பரம்பரைச் சோகம் என்றெண்ணி மரியாதையோடு படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மகள் போன் செய்து சொல்ல, தேவா தம் ஜீப்பில் வந்து, கயிறு கட்டி வண்டியைக் கொட்டகைக்கு இழுத்துப்போனார். இழுபட்ட தேரில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பத்தர் பின்னால் போனார். வண்டிக்கடியில் படுத்து, ஆயில் தங்கும் அடித்தட்டைக் கழற்றி வெளியே எடுத்து, அதன் நடுவே ஆயிலை மேலே உறிஞ்சும் குழாயின் வாயிலிருந்த சல்லடையைத் தேவா காட்டினார். கறுப்புக் களிம்பும் பொருக்கும் அதில் அல்வாப் பதத்தில் அப்பியிருந்தன. ஒரு துளி ஆயில் மேலே போக வழியில்லை. பத்தர் பெயர்த்துவிட்ட அடை, போய்ச் சேரக்கூடாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

“இத நான் சுத்தம் பண்ணிருவேன்” என்றார் தேவா. “அது பெருசு இல்ல. ஆயில் இல்லாம எத்தன நிமிசம் ஓடுச்சுன்றதுதான் கேள்வி. பேரிங் தேஞ்சிருந்தா இன்ஜினைப் பிரிக்கணும். பிரிச்சா ஒரு மாசம்.”

“எப்படித் தெரியும்?”

“இறக்குன ஆயில்ல தாமிர நெறத்துலயோ வெள்ளையாவோ பொடி மினுங்கணும். மினுங்குச்சுன்னா பேரிங் போச்சு. ஆனா இந்தக் கருமத்துக்குள்ள அம்புட்டுச் சின்னப் பொடிய யாரு பாக்குறது. ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்.”

ஓட்டிப் பார்ப்பது யார்? திங்கட்கிழமை காலை, கருவேலங்காட்டுச் சாலையில், கிருஷ்ணப்ரியாவா? மகளைக் காப்பதற்காகத் தொடங்கிய போரில் மகளின் தேரையே வெட்டிவிட்டோம் என்பது அப்போதுதான் பத்தருக்கு முழுதாக உறைத்தது. அவர் கண் கலங்கியது. ஆயில் பட்ட கையால் துடைத்ததில் கன்னத்திலும் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. பிறகு எழுந்து, இறக்கிய ஆயிலையும் வழித்த களிம்பையும் வெட்டிப் பிரித்த பில்டரையும் ஒரு வாளியில் வாங்கிக்கொண்டு, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தார்.

வாளியைக் கண்ட அழகம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டு முடித்து வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“நீங்க நகை கழுவுன தட்டுல தண்ணி என்ன நெறத்துல இருக்கும்?”

“கறுப்பா இருக்கும்.”

“தண்ணி கறுத்தா நகை அழுக்குன்னா சொல்லுவீக? அழுக்கத் தண்ணி வாங்கிக்கிருச்சுன்னுதான சொல்லுவீக. அந்த ஆயிலும் அதத்தான செஞ்சிருக்கு. வெளுப்பாவே இருந்துருந்தாத்தான் அழுக்கு உள்ளயே கெடக்குன்னு அர்த்தம்.”

தேவா அரை ஆண்டுச் சொற்களைச் செலவழித்தும் புகாத ஒன்று இப்போது புகுந்தது. இரண்டே நாளில் ஆயில் கறுத்தது தோல்வியல்ல, அது வேலை செய்தது. கரியாசுரன் என்று ஒருவன் எப்போதுமே இருந்ததில்லை. இருந்தது, பொறுமையாக அழுக்கைச் சுமந்துகொண்டிருந்த ஓர் எண்ணெய். அதைக் காலத்தில் மாற்றாமல் இருந்தவர் பத்தர். அவர் முகம் தொங்கிப்போயிற்று.

ஆனால் கழுவிய நீரையும் கூட்டிய குப்பையையும் கொட்டாத குலம் அது. பொன்பொடி ஒரு துகள் எங்கே ஒளிந்திருந்தாலும் அரித்து எடுத்துவிடும் கண்ணும் கையும் பத்தருடையவை. ஞாயிறு காலை, பட்டறை வாசலில் நல்ல வெயிலில், வெள்ளைப் பீங்கான் தட்டை வைத்து, மண்ணெண்ணெய் விட்டுக் களிம்பைக் கரைத்து, கரண்டி கரண்டியாக அரிக்கத் தொடங்கினார். முதலில் காந்தத்தை இறக்கி இரும்புப்பொடி உண்டா என்று துழாவினார். காந்தம் வெறுமனே திரும்பியது. பிறகு மூக்குக்கண்ணாடியின்மேல் பூதக்கண்ணாடியைக் கவிழ்த்துக்கொண்டு குனிந்தார். நாற்பது ஆண்டுகளாகத் தட்டில் ஏதாவது மினுங்காதா என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண்கள் அவை. அன்றுதான் முதன்முதலாக, எதுவும் மினுங்கிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு பார்த்தன. மகள் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து, மண்ணெண்ணெய் ஊற்றித் தந்துகொண்டிருந்தாள்.

தட்டுக்குப் பின் தட்டாக ஒன்பது தட்டு அரித்தாயிற்று. கரி, கரி, கரி. பத்தாவது தட்டின் ஓரத்தில் ஒரு துகள் மஞ்சளாக மினுங்கியது.

பத்தர் கை நின்றது. தேவா சொன்ன தாமிர நிறமா அது? இடுக்கியின் நுனியால் துகளை எடுத்தார். நொய்யரிசியில் கால்வாசி இருக்கும். உரைகல்லை எடுத்துவரச் சொன்னார். கிருஷ்ணப்ரியா ஓடிப்போய் எடுத்துவந்தாள். துகளை விரல்நுனியில் அழுத்திக் கல்லில் மெல்ல ஓர் இழுப்பு இழுத்தார். நரம்பினும் மெலிந்த கோடு விழுந்தது. வெயிலில் சாய்த்துப் பார்த்தார். அமிலம் ஒரு சொட்டுத் தொட்டு வைத்தார். தாமிரமானால் கரைந்திருக்கும்; கோடு அழியவில்லை.

“என்னப்பா?” என்றாள் மகள்.

“இருபத்திரண்டு காரட்” என்றார் பத்தர். “நம்ம தட்டுல ஒட்டிக்கிட்டு இருந்ததும்மா. போன மாசம் செஞ்ச வளையல அரத்துல ராவுன பொடி. வண்டியோடது இல்ல.”

பொன் கிடைத்ததற்காக அல்லாமல், அது பொன்னாக இருந்ததற்காக மகிழ்ந்த ஒரே பத்தர் இந்தப் பூமியில் அவராகத்தான் இருக்கவேண்டும். மீதி ஆறு தட்டையும் விடாமல் அரித்து முடித்தார். ஒன்றும் மினுங்கவில்லை. தேவாவுக்குப் போன் போயிற்று. சல்லடையைத் துலக்கி, அடித்தட்டை மாட்டி, புது ஆயிலும் புது பில்டரும் போட்டு, அந்த நல்ல மனிதர் பிற்பகல் முழுவதும் வண்டியைத் தேவகோட்டை வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். கிண்டி எரியவில்லை, டக்டக் இல்லை. ஒப்படைக்கும்போது அவர் சொன்னது நான்கே சொல். “ஆயிரம் கிலோமீட்டர்ல மாத்த வாங்க.” பொன்துகளை மட்டும் பத்தர் பத்திரமாகச் சிமிழில் போட்டு மூடினார். உணர்ச்சி வேறு, தொழில் வேறு.

திங்கட்கிழமை புலர்ந்தது. மருத்துவப் பெட்டியும், ரப்பர் பூட்ஸும், தயிர்சாத டப்பாவுமாகக் கிருஷ்ணப்ரியா தேரேறினாள். பத்தர் பழக்க தோஷத்தால் முகப்பு மூடியின்மேல் கையை வைத்தார். பிறகு எடுத்துவிட்டார். ஜன்னலோரம் வந்து நின்றார்.

“ஆயிலுக்காக இல்லம்மா” என்றார். “நீ தனியாப் போறீயேன்னுதான் எனக்குப் பயம். அதச் சொல்லத் தெரியாமத்தான் இம்புட்டும்.”

“தெரியும்ப்பா” என்றாள் அவள். “நீங்க வண்டி மூடிய இம்புட்டுத் தடவ தூக்குனதே இல்ல. போயிட்டுப் போன் பண்றேன்.”

கார் செக்காலைத் தெருமுனையில் திரும்பி மறைந்தது. அதன்பின் சிதம்பரம் பத்தர், போர்க்களம் பல கண்டவர், கரியோடு பொருது கரியிடமே பாடம் கற்றவர், ஊதுகுழலை எடுத்துத் தணலை எழுப்புவதும், ஊதாமலே அதை வைத்துவிட்டுப் பக்கத்திலிருக்கும் போனைப் பார்ப்பதுமாக ஒரு மணி நேரம் தவமிருந்தார். தணல் இரண்டு முறை அவிந்தது. தேவகோட்டையைத் தாண்டியிருக்கும், கருவேலங்காடு வந்திருக்கும், கண்மாய் வளைவு வந்திருக்கும் என்று சாலை முழுவதையும் உட்கார்ந்த இடத்திலேயே அவர் ஓட்டித் தீர்த்தார். அழகம்மாள் வைத்த காப்பி ஆடை படிந்து ஆறிற்று. வானோரும் மண்ணோரும் தெருவில் மீன் விற்கும் பொன்னுத்தாயியும் மூச்சடக்கி நிற்க, போன் முழங்கிற்று, பத்தர் இரு கைகளாலும் அதை ஏந்திக் காதருகே உயர்த்தினார்.

“வந்து சேந்துட்டேன்ப்பா, இங்க ஒரு எருமைக் கன்னுக்குக் கழிச்சலாம், அப்புறம் பேசுறேன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.